வீட்டைச் சுற்றி ஒரு வரப்பு

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசியில் எங்கள் வீட்டுக்கு வெளிப்பூச்சு பூசியிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததெல்லாம் அதனால் வந்த வினைதான்.

வல்லம் வடகாலில் என் மாமனாரின் கழனி ஓரத்தில், ரோட்டைப் பார்த்தபடி கட்டிய வீடு அது. என் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஊருக்குள்ளிருந்து பஸ்ஸுக்கு ஓடி ஓடிக் காலே தேய்ந்துவிட்டது என்று புலம்பிப் புலம்பியே ரோட்டோரத்தில் வீடு கட்ட வைத்தார். தரையிலிருந்து ஒன்றரை அடிக்குப் பேஸ்மட்டம். அதுவரை சிமென்ட் கட்டு. அதற்கு மேல் செங்கல்லுக்கு நடுவில் வெறும் களிமண். கூரை மங்களூர் ஓடு. உள்ளே மட்டும் பூசி, வெள்ளையடித்துக் குடிவந்துவிட்டோம். வெளியே அடுத்த கோடையில் பூசிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தோம். உள்ளே பார்த்தால் கல்யாண வீடு, வெளியே பார்த்தால் செங்கல் சூளை என்று என் அம்மா வந்தபோது சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் சொன்னது சரிதான்.

மண் கட்டு வெயிலில் இரும்பு மாதிரி நிற்கும். தண்ணீரில் நிற்காது. பேஸ்மட்டத்தைத் தாண்டித் தண்ணீர் ஏறினால் செங்கல் இடுக்கிலிருக்கும் மண் கரையும், சுவர் சரியும், சுவர் சரிந்தால் ஓடு மொத்தமும் தலையில் இறங்கும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்போது என் பெண்ணுக்கு எட்டு மாதம்.

வீடு இருந்த இடத்தில் முன்பு ஒரு கால்வாய் ஓடியது. மேல் கழனிகளில் மிஞ்சும் தண்ணீர் அதன் வழியாக வந்து, தெற்கே மாமனாரின் தம்பி கழனிக்குப் பாயும். வீடு கட்டும்போது மாமனார் அதைத் தூர்த்து, தண்ணீரை ரோட்டோரப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டார். தம்பி, அதாவது என் சின்ன மாமனார், முதலில் நயமாகத்தான் கேட்டார். ஓரமாக இரண்டு அடியாவது விடச் சொன்னார். மாமனார் அசையவில்லை. பாகப்பிரிவினையில் ஊருக்குள் இருந்த பழைய வீடு தம்பிக்குப் போனதில் அவருக்கு ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல். வார்த்தை வளர்ந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, மாதா கோயில் வாசலில் எல்லோருக்கும் எதிரில் சின்ன மாமனார் சொன்னார்:

"தண்ணி கேட்டப்ப இல்லன்ட்ட. இனிமே உன் வூட்டு தண்ணி ஒரு சொட்டு என் கயனியில உழக்கூடாது."

"உழாது" என்றார் மாமனார்.

அதோடு சரி. ஒன்றரை வருஷம் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. கோயிலில் ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் மற்றவர் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் உட்காருவார். பங்குச் சாமியார் சமாதானப் பூசை கூட வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் வந்தார்கள், சமாதானம்தான் வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. வாடைக் காற்றோடு வந்த மழை. எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பையெல்லாம் செய்தோம். சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவருக்குத் தென்னங்கீற்றை வரிசை வரிசையாகத் தொங்கவிட்டுக் கட்டினோம். கம்பெனிக்கு வந்த மெஷினைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை என் கணவர் கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தார். அதைக் கீற்றுக்கு உள்ளே கொடுத்தோம். அரிசி டிரம்மையும் பீரோவையும் செங்கல் மேல் ஏற்றினோம். ஓடு ஒழுகிய இடத்திலெல்லாம் பாத்திரம் வைத்தோம். வைத்த பிறகு சமைக்கப் பாத்திரம் இல்லை.

என் கணவர் இரண்டாம் ஷிஃப்டுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரகடம் கூட்ரோடு பக்கம் தண்ணீர் ரோட்டுக்கு மேல் போகிறது, பஸ் இல்லை என்று பால்காரர் சொன்னார். கம்பெனியில் ஓ.டி. போட்டு உள்ளேயே தங்க வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டோம். அவருக்கு அங்கே கான்டீன் இருந்தது. எங்களுக்கு மாமனார் இருந்தார்.

இரண்டாம் நாள் ரோட்டோரப் பள்ளம் நிரம்பி, வீட்டுப் பக்கம் எதிர்த்துக்கொண்டு வர ஆரம்பித்தது. லாரிகள் போக ரோட்டுக்கு மண் கொட்டி உயர்த்தியபோது அடியிலிருந்த குழாய் பாதிக்கு மேல் மூடிவிட்டிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் வேறு எங்கே போகும்? மாமனார் வாசலில் நின்று ஒரு நாழிகை பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் வரப்பு போட்டார். நாற்பது வருஷம் கழனியில் வரப்பு போட்ட கை. மழையில் நனைந்துகொண்டே, மண்ணை வெட்டி வெட்டி வைத்து, காலால் மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி வழவழவென்று தேய்த்து, மத்தியானத்துக்குள் இரண்டடி உயரத்துக்கு எழுப்பிவிட்டார். கோணல்மாணல் இல்லாத வரப்பு. காபி கொண்டுபோய்க் கொடுத்து, நல்லா கீது மாமா என்று நானும் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வெளியே ஓடிய தண்ணீர் வரப்பில் முட்டிக்கொண்டு விலகிப் போவதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கழனி வரப்பு என்றால் ஒரு மடை இருக்கும். தண்ணீர் அதிகமானால் வெட்டிவிட ஒரு வாய். இவர் அதை வைக்கவில்லை. மறந்துபோய் அல்ல. நிலம் தெற்கே சரிவு. மடை வைத்தால் தெற்கே வைக்க வேண்டும். தெற்கே தம்பியின் நாற்றங்கால், இருபத்தைந்து நாள் நாற்று. ஒரு சொட்டு விழாது என்று கோயில் வாசலில் சொன்னவர், தெற்கு வரப்பை மற்ற மூன்றை விடக் கெட்டியாகப் போட்டிருந்தார்.

மூன்றாம் நாள் விடியும்போது வடக்கு வரப்பு உடைந்தது. மேல் கழனித் தண்ணீரெல்லாம் அந்த உடைப்பு வழியாக உள்ளே வந்தது. மற்ற மூன்று பக்கமும் அவர் போட்ட வரப்பு கல் மாதிரி நின்றது. மூன்று பக்கம் கரை, ஒரு பக்கம் தண்ணீர் வரும் வழி. எங்கள் பக்கத்தில் ஏரியை அப்படித்தான் கட்டுவார்கள். வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று மாமனார் வீட்டை வைத்து ஒரு ஏரியைக் கட்டிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசலில் இரண்டு படி. எட்டு மணிக்கு முதல் படி முழுகியது. பத்து மணிக்கு இரண்டாம் படியில் நாலு விரல் மிச்சம். வரப்புக்கு வெளியே தெற்கே பார்த்தால் தண்ணீர் கணுக்கால் அளவுதான். உள்ளே முழங்கால் அளவு. உடைந்த இடத்தை அடைக்க மாமனார் மண் மூட்டை போட்டுப் பார்த்தார், வேகத்தில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிறகு ஒரு வாளியை எடுத்து, மொண்டு மொண்டு வடக்கே ஊற்றினார். வடக்கிலிருந்துதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

தெற்கு வரப்பை வெட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும் என்று சொன்னேன். அங்கே நாற்று இருக்கிறது என்றார். நாற்று மேல் இருக்கிற அக்கறை பேத்தி மேல் இல்லையா என்று கேட்டேன். அவர் அடுத்த வாளியை மொண்டார். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன், அன்றைக்கு என் வாய்க்கு வரப்பு கிடையாது.

என் மாமியார் அதிகம் பேசாதவர். சுவரோரமாகத் தண்ணீரில் நடந்துபோய், பேஸ்மட்டத்துக்கு மேலே முதல் வரிசைச் செங்கல் இடுக்கில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினார். அலை அடித்து அடித்து அந்த இடம் ஊறியிருந்தது. விரல் முதல் கணு வரை உள்ளே போனது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"வெரல் போவுது" என்றார். மாமனாரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினேன். மாமனார் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. கேட்காததிலேயே அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

சின்ன மாமனார் மோட்டார் கொட்டகையில் குந்தியிருந்தார். விடியற்காலையிலிருந்து நாற்றங்காலில் தேங்கிய தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார் என்பது சேறேறிய காலைப் பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, கொட்டகைக்குள் நிற்க இடம் கொடுத்தார். முதலில் அவர் கேட்டது, குழந்தை எங்கே என்றுதான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பு, உடைப்பு, படி, மாமியாரின் விரல் எல்லாம். அவர் நாற்றங்காலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாத்து முழுகினா ரெண்டு நாளு தாங்கும். செவுரு தாங்காது" என்றார். பிறகு, "நான் வேணாங்கலம்மா. அண்ணன் வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். நானே வந்து வெட்டி உடறேன்" என்றார்.

மாமா வரமாட்டார் என்றேன். அப்படியென்றால் தானும் வர முடியாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

கொட்டகையிலிருந்து வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்குள் முடிவு செய்துவிட்டேன். வாய் தவறி வந்துவிட்டது என்று இப்போது எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். மாமனார் போய்க் கேட்கமாட்டார், சின்ன மாமனார் கேட்காமல் வரமாட்டார், தண்ணீர் இரண்டு பேருக்காகவும் நிற்காது. யோசித்துத்தான் சொன்னேன்.

"சின்ன மாமா வெட்டச் சொல்லிட்டாரு மாமா."

வாளியைக் கையில் பிடித்தபடி நின்றார். "அவனே சொன்னானா?"

"அவரே சொன்னாரு."

"இன்னான்னு சொன்னான்?"

"நாத்து ரெண்டு நாளு தாங்கும், செவுரு தாங்காதுன்னாரு."

அது அவர் சொன்னதுதான். பொய்க்கு முட்டுக் கொடுக்க மெய்யிலிருந்து ஒரு கட்டையை உருவிக்கொண்டேன். கழனி வேலை தெரிந்தவன் பேசுகிற பேச்சு அது, எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது என்பது மாமனாருக்குத் தெரியும். நம்பிவிட்டார். நம்பியபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். மழைத் தண்ணீரை வழிப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, தெற்கு வரப்பில் மண்வெட்டியை இறக்கினார்.

இரண்டடி அகலத்துக்கு வெட்டினார். தண்ணீர் மீதியைத் தானே அறுத்துக்கொண்டு போனது. செம்மண் கலந்த தண்ணீர், நாற்றங்காலின் பச்சை மேல் பரவி, கொஞ்ச நேரத்தில் பச்சையே தெரியவில்லை. நான் அதைப் பார்க்காமல் படியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயந்திரம் விளக்கு வைப்பதற்குள் இரண்டு படியும் வெளியே வந்துவிட்டன. அடுக்களை மூலையில் மட்டும் வெளிப்பக்கம் மூன்று வரிசைச் செங்கல் சரிந்து விழுந்தது. கம்பெனி மெஷின் வந்த பெட்டிப் பலகையை வைத்து, பனங்கட்டையால் முட்டுக் கொடுத்தோம். வீடு நின்றது.

மறுநாள் காலையில் சின்ன மாமனார் வந்தார். தோளில் மண்வெட்டி. வரப்பு வெட்டியிருந்த இடத்தில் நின்று, வெட்டிய வாயைக் குனிந்து பார்த்தார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன், குழந்தையோடு நிற்பவளைத் திட்டமாட்டார்கள் என்று ஒரு அற்ப நினைப்பு. அவர் வாயைத் திறப்பதற்குள் மாமனார் சேற்றில் சளக் சளக்கென்று நடந்து அவர் எதிரில் போய்விட்டார்.

"நீ வெட்டச் சொன்னேன்னு மருமவ வந்து சொல்லிச்சிடா" என்றார். "நான் வந்து கேக்கணும்னு நீ பாக்கல. எனக்கு அந்த மனசு இல்ல."

ஒன்றரை வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு. சின்ன மாமனார் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தேன், அது ஏற்கெனவே போட்டிருந்தது.

"ஆமாண்ணா" என்றார். "நான்தான் சொன்னேன்."

பிறகு மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, சரிந்த மூலையைப் பார்க்க வந்தார். முட்டுக் கொடுத்திருந்த விதம் சரியில்லை என்று இரண்டு பேரும் சேர்ந்து பிரித்து மறுபடி கொடுத்தார்கள். என் மாமியார் இரண்டு டம்ளர் காபி போட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்ன மாமனார் கை நீட்டி வாங்கிக்கொண்டார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

மழை அதற்குப் பிறகும் நான்கு நாள் விடவில்லை. நாற்று தாங்கும் என்று அவர் சொன்னது இரண்டு நாள். தண்ணீர் வடிந்தபோது நாற்றங்காலில் வண்டல் படிந்து, நாற்று அழுகி, சாணி கரைத்து ஊற்றிய களம் போல இருந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் போகாவிட்டாலும் அழுகியிருக்கும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். இருக்கலாம். நான் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், பிடிபடவில்லை.

மழை விட்ட அன்றைக்குத்தான் என் கணவர் வந்து சேர்ந்தார். வந்ததும் வராததுமாக, இந்த வாரமே வெளியே சிமென்ட் பூசிவிட வேண்டும் என்று குதித்தார். கொத்தனார் மறுத்துவிட்டார். ஈரச் சுவரில் பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், உப்புப் பூத்து அரிக்கும், தை வரை காயவிட வேண்டும் என்றார். அதோடு விடாமல், உள்பக்கம் நாங்கள் ஆசையாகப் பூசிய பூச்சையும் முழங்கால் உயரத்துக்குக் கொத்தி எடுக்கச் சொன்னார். கொத்தினோம். நனைந்த கீற்றையெல்லாம் அவிழ்த்துப் போட்டு, பகலெல்லாம் கதவு சன்னலைத் திறந்துவைத்தோம். வெயில் இல்லாத நாளில் இரும்புச் சட்டியில் உமி போட்டுக் கனல் வைத்து, சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி வைத்தேன். வெள்ளை வெள்ளையாகப் பூத்த உப்பைத் துடைப்பத்தால் தட்டி எடுத்தேன். உள்ளேயும் வெளியேயும் இப்போது ஒரே மாதிரி செங்கல் சூளை. என் அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

மாமனார் மட்டும் அந்த மாதம் முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் தம்பி கேட்காமலே கொடுத்தான் என்று சொன்னார். கோயில் வாசலில், அதே இடத்தில், அதே சனத்துக்கு எதிரில் சொன்னார். சின்ன மாமனார் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். யாரிடம் பொய் சொன்னாயோ அவரிடம் போய் உண்மையைச் சொல் என்றார் சாமியார். சொன்னால் அண்ணன் தம்பி மறுபடி பிரிந்துவிடுவார்கள் என்றேன். சாமியார் ஒரு ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்கும் சமாதானம் வேண்டியிருந்தது.

மாமனாரிடம் சொல்ல முடியாது. சின்ன மாமனாரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. சேரப்பணஞ்சேரியில் ஒரு சொந்தக்காரரிடம் மிஞ்சியிருந்த முற்றின நாற்றைச் சின்ன மாமனார் வாங்கி வந்து, எல்லோருக்கும் கடைசியாக நடவு வைத்தார். நான் யாரும் கூப்பிடாமல் போய் இறங்கினேன். குழந்தையை மாமியார் வைத்துக்கொண்டார். எனக்கு நடவு அவ்வளவாக வராது, வரிசை கோணிக்கொண்டு போனது. அவர் வரப்பில் நடந்து நாற்றுக் கட்டு வீசிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் வந்தபோது நிமிர்ந்து, சின்ன மாமா, அன்னைக்கு நான் உங்க பேர்ல, என்று ஆரம்பித்தேன்.

அவர் நாற்றுக் கட்டு ஒன்றை என் கைக்கு எட்டும்படி போட்டார்.

"செவுரு காஞ்சிச்சாம்மா?"

"காயுது, சின்ன மாமா."

"நல்லா காயட்டும். அவசரப்பட்டுப் பூசிடாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

அந்த வருஷம் அவருக்குப் பாதிகூட விளையாது என்பது நடும்போதே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குனிந்து நட ஆரம்பித்தேன். அழுகை வந்தது, நிற்கவில்லை. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள் இன்னாக்கா என்று கேட்டாள். கண்ணில் சேறு தெறித்துவிட்டது என்றேன்.